லிப்என்எஃப்சி அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்எஃப்சி என்பது அருகில் வைத்தாலே கார்டைப் படிக்கும் குறுந்தொலைவு ரேடியோத் தொழில்நுட்பம். அதற்கான லிப்என்எஃப்சி லைப்ரரியை நிறுவுவது சில நிமிட வேலை. அதற்கப்புறம்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக நிறுவியாயிற்று, ரீடரில் விளக்கும் எரிகிறது, ஆனாலும் திரையில் 'என்எஃப்சி கருவி எதுவும் கிடைக்கவில்லை' என்று வருகிறது. அந்த நேரத்தில் லைப்ரரியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பயனில்லை. அநேகமாக ரீடரை வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கும். இல்லையென்றால் உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி இருக்காது. அதுவும் இல்லையென்றால் ரீடருக்குள் இருப்பது வேறு சிப். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றையே சுற்றி வரும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

லிப்என்எஃப்சி என்ன செய்கிறது?

13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் தொடாக் கார்டுகளோடும் டேக்குகளோடும் உங்கள் நிரல் பேசுவதற்கான சி மொழி லைப்ரரி இது. ரோயல் வெர்டுல்ட் 2009இல் தொடங்கினார். பின்னர் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. அதாவது உங்கள் சொந்த மென்பொருளோடு இணைத்துக்கொள்ளலாம். லைப்ரரியையே மாற்றி வெளியிட்டால் அந்த மாற்றத்தின் மூலநிரலைத் தர வேண்டும்.

ரேடியோ அலை, கார்டைக் கண்டுபிடிப்பது, இரண்டு கார்டு ஒன்றாக இருந்தால் பிரித்தறிவது ஆகியவற்றை ரீடரின் சிப் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சிப்புக்குக் கட்டளை அனுப்பிப் பதிலை வாங்கித் தருவது லைப்ரரியின் வேலை. கார்டுக்குள் இருக்கும் தகவலுக்கு என்ன பொருள் என்பது அதற்குத் தெரியாது. இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பின்னால் பல ஏமாற்றங்கள் மிச்சம்.

எந்த ரீடர் வாங்கலாம்?

உள்ளே பிஎன்531, பிஎன்532, பிஎன்533 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மூன்றும் என்எக்ஸ்பி நிறுவனத்தின் சிப்கள். பெட்டியில் எழுதியிருக்கும் பிராண்டைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள்.

கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஏசிஆர்122யூ. அதில் பிஎன்532 இருக்கிறது, ஆனால் கணினிக்கும் அந்தச் சிப்புக்கும் நடுவே இன்னொரு கட்டுப்பாட்டுச் சிப் உட்கார்ந்திருக்கிறது. கார்டைப் படிக்க, எழுத இது போதும். நேரம் துல்லியமாக அமைய வேண்டிய வேலைகளுக்கும், ரீடரையே கார்டு போல நடிக்க வைக்கும் வேலைகளுக்கும் அந்த நடு ஆள் தொந்தரவு. எஸ்சிஎல்3711 போன்ற பிஎன்533 ரீடர்களில் யூஎஸ்பி நேராகச் சிப்புக்கே போகிறது. கிடைத்தால் அதையே வாங்குவேன்.

செலவு குறைய வேண்டும் என்றால் பிஎன்532 மாட்யூல் பலகை வாங்கி, யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றோடு இணைக்கலாம். கற்றுக்கொள்பவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். சிப்போடு நேரடியாகப் பேசலாம், பிறகு அதே பலகையை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் மாட்டலாம்.

என்னிடம் ஆர்சி522 மாட்யூல் இருக்கிறது. அது போதாதா?

போதாது. அர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் பழகுகிறவர்கள் கையில் அதிகம் இருப்பது இந்த நீலப் பலகைதான். அதில் உள்ள எம்எஃப்ஆர்சி522 வேறு குடும்பத்துச் சிப், லிப்என்எஃப்சியின் 1.8.0 பதிப்பில் அதற்கு டிரைவர் இல்லை. அர்டுயினோவிலும் பைத்தானிலும் அதற்கென்று தனி லைப்ரரிகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

கார்டை வைத்ததும் நோட்பேடில் எண்ணைத் தானாகத் தட்டிவிடும் மலிவு யூஎஸ்பி ரீடர்களும் ஆகாது. அவை கணினிக்குத் தங்களை விசைப்பலகை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. கார்டு எண்ணைத் தாண்டி அவற்றிடம் எதையும் கேட்க முடியாது.

எங்கள் அலுவலக வாசல் கார்டை எந்த ரீடரும் கண்டுகொள்ளவில்லை. ஏன்?

அது 125 கிலோஹெர்ட்ஸ் கார்டாக இருக்கலாம். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் அலைவரிசையே வேறு. பிஎன்532இன் ஆன்டெனா அதைத் தூண்டவே தூண்டாது. எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இருக்காது. என்எஃப்சி உள்ள கைபேசியின் பின்பக்கம் வைத்துப் பாருங்கள். கைபேசியும் கண்டுகொள்ளாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

ஐஎஸ்ஓ 15693 வகை டேக்குகள் இன்னொரு குழப்பம். நூலகப் புத்தகங்களில் ஒட்டும் டேக்குகளில் இவை பரவலாக உண்டு. இவை 13.56 மெகாஹெர்ட்ஸ்தான், பல கைபேசிகள் படித்துவிடும், ஆனால் பிஎன்532 சிப்புக்கு அந்த நெறிமுறை தெரியாது. ஐஎஸ்ஓ 14443 ஏ, பி வகைகள், ஃபெலிகா, ஜுவல் ஆகிய கார்டு வகைகள் நம் எல்லைக்குள் வரும்.

டெபியன், உபுண்டுவில் எப்படி நிறுவுவது?

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்என்எஃப்சி-பின் லிப்என்எஃப்சி-எக்ஸாம்பிள்ஸ்'. அவ்வளவுதான். ('சூடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது.) நிரல் எழுதப் போகிறீர்கள் என்றால் 'லிப்என்எஃப்சி-டெவ்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக 'ப்ரூ இன்ஸ்டால் லிப்என்எஃப்சி'.

நிறுவியதும் ரீடரைச் செருகி, மேலே ஒரு கார்டை வைத்து, 'என்எஃப்சி-லிஸ்ட்' என்று ஓட்டுங்கள். ரீடரின் பெயரும் கார்டின் விவரமும் வந்தால் வேலை முடிந்தது. இந்தப் பக்கத்தில் அடுத்த நான்கு கேள்விகளையும் தாண்டிப் போகலாம்.

'கருவி எதுவும் கிடைக்கவில்லை' என்று வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் 'எல்எஸ்யூஎஸ்பி'. யூஎஸ்பி ரீடர் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிளோ, யூஎஸ்பி ஹப்போ, ரீடரோதான் காரணம். லைப்ரரிக்கு இதில் பங்கில்லை. இருந்தால் அதன் அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஏசிஆர்122யூவுக்கு 2200, எஸ்சிஎல்3711க்கு 5591, வெறும் பிஎன்533க்கு 2533.

அடுத்தது லைப்ரரியையே வாய் திறக்க வைப்பது. 'லிப்என்எஃப்சி_லாக்_லெவல்' என்ற சூழல் மாறிக்கு 3 என்று மதிப்புக் கொடுத்து அதே வரியில் 'என்எஃப்சி-லிஸ்ட்' ஓட்டுங்கள். இந்த மாறியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இப்போது எந்த அமைப்புக் கோப்பைப் படித்தது, எந்தெந்த டிரைவரை முயன்றது, ஒவ்வொன்றிலும் எத்தனை கருவி கிடைத்தது என்று வரிசையாகச் சொல்லும். உங்கள் ரீடருக்கான டிரைவரின் பெயரே அதில் இல்லை என்றால், அந்த டிரைவர் சேர்க்கப்படாமல் தொகுக்கப்பட்ட (கம்பைல் செய்யப்பட்ட) லைப்ரரி உங்களிடம் இருக்கிறது. பெயர் இருந்து, பக்கத்தில் பிழைச் செய்தியும் இருந்தால், அந்தச் செய்திதான் உங்களுக்கு வழிகாட்டி.

வரும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு வகை. 'அனுமதி இல்லை' என்ற பொருளில் வந்தால் அது கணக்கின் உரிமைச் சிக்கல். 'கருவி வேலையில் இருக்கிறது' என்ற பொருளில் வந்தால் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, தீர்வுகள் வேறு வேறு.

'வேலையில் இருக்கிறது' என்றால் யார் பிடித்து வைத்திருப்பது?

இரண்டு பேர் மேல் சந்தேகம் வரும்.

ஒன்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல். 3.1 பதிப்பிலிருந்து கெர்னலுக்கே சொந்தமாக என்எஃப்சி பகுதி இருக்கிறது. நீங்கள் ரீடரைச் செருகிய உடனே 'பிஎன்533_யூஎஸ்பி' என்ற கெர்னல் மாட்யூல் ஓடிவந்து அதை எடுத்துக்கொள்ளும். ஏசிஆர்122யூவையும் அது விடாது. லிப்என்எஃப்சியோ கெர்னலின் உதவி இல்லாமல் யூஎஸ்பி வழியாகத் தானே பேச நினைக்கிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் ரீடர் கிடைக்காது. 'எல்எஸ்மாட்' கட்டளையில் பிஎன்533 என்ற பெயர் தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

உடனடி நிவாரணம்: 'சூடோ மாட்ப்ரோப் -ஆர் பிஎன்533_யூஎஸ்பி'. ரீடரைக் கழற்றி மாட்டினால் மாட்யூல் திரும்ப வந்துவிடும். நிரந்தரமாக வேண்டுமானால் ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் 'மாட்ப்ரோப்.டி' ஃபோல்டரில் 'பிளாக்லிஸ்ட்-லிப்என்எஃப்சி.கான்ஃப்' என்று ஒரு கோப்பு உண்டாக்கி, அதில் 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல்லோடு பிஎன்533_யூஎஸ்பி, பிஎன்533, என்எஃப்சி ஆகிய மூன்றையும் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

இரண்டாவது சந்தேக நபர் 'பிசிஎஸ்சிடி' என்ற ஸ்மார்ட்கார்டு சேவை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தும் கணினிகளில் இது இருப்பது சகஜம். ஏசிஆர்122யூ ஒரு ஸ்மார்ட்கார்டு ரீடராகவும் தன்னைக் காட்டிக்கொள்வதால் இந்தச் சேவை அதை எடுத்துக்கொள்கிறது. 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் பிசிஎஸ்சிடி' என்று நிறுத்தினாலும், யாராவது கூப்பிட்டால் அது தானே எழுந்துவிடும். காரணம், அதன் சாக்கெட் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. எனவே 'பிசிஎஸ்சிடி.சாக்கெட்' என்பதையும் சேர்த்து நிறுத்த வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

மேக்கிலும் இதே கதைதான். அங்கே ஆப்பிளின் சொந்த ஸ்மார்ட்கார்டு சேவை ஏசிஆர்122யூவைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தச் சேவை எனக்கு வேறு வேலைக்கு வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாதா?

ஏசிஆர்122யூவுக்கு 'ஏசிஆர்122_பிசிஎஸ்சி' என்று இன்னொரு டிரைவர் உண்டு. அது ரீடரை நேரடியாகத் தொடாமல் பிசிஎஸ்சிடி வழியாகவே பேசும். மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது அதைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், தானாக வராது. அப்படிச் செய்தால் சேவை ஓடிக்கொண்டிருந்தே ஆக வேண்டும், நிறுத்தக் கூடாது. என் கருத்தில், கணினியில் கையொப்ப டோக்கன் தினசரி வேலையாக இருந்தால், என்எஃப்சிக்கு பிஎன்532 சீரியல் மாட்யூல் வாங்கிக்கொள்வது நிம்மதி. பிசிஎஸ்சிடி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

சூடோ போட்டால் வேலை செய்கிறது, போடாவிட்டால் செய்யவில்லை. என்ன செய்வது?

இது நல்ல அறிகுறி. ரீடரும் லைப்ரரியும் சரியாக இருக்கின்றன, அனுமதி மட்டும்தான் குறை. மூலநிரலின் 'கான்ட்ரிப்' ஃபோல்டருக்குள் 'யூடெவ்' என்ற ஃபோல்டரில் '93-பிஎன்53எக்ஸ்.ரூல்ஸ்' என்ற விதிக் கோப்பு இருக்கிறது. அதை ஈடிசிக்குள் யூடெவ் ஃபோல்டரின் 'ரூல்ஸ்.டி'யில் நகலெடுங்கள். பிறகு 'சூடோ யூடெவ்அட்ம் கன்ட்ரோல் --ரீலோட்-ரூல்ஸ்' ஓட்டி, ரீடரைக் கழற்றி மாட்டுங்கள். உங்கள் கணக்கு 'ப்ளக்டெவ்' குழுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சீரியல் மாட்யூல் என்றால் 'டயல்அவுட்' குழு, ராஸ்பெர்ரி பையில் 'ஐ2சி', 'எஸ்பிஐ' குழுக்கள் (இரண்டும் சிப்களைக் கம்பியால் இணைக்கும் முறைகளின் பெயர்கள்). குழுவில் சேர்த்ததும் ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும்.

எப்போதும் சூடோவோடு ஓட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். கார்டிலிருந்து வரும் தகவல் வெளியாள் கொடுப்பது. அதை வாங்கிக் கையாளும் நிரலுக்கு முழுக் கணினியின் சாவியையும் கொடுப்பது ஆபத்து.

எப்போது மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டும்?

வேண்டிய டிரைவர் ஆப்ட் தரும் ஆயத்தத் தொகுப்பில் இல்லாதபோது, அல்லது 2020இல் வந்த 1.8.0க்குப் பிறகு செய்த திருத்தம் ஒன்று தேவைப்படும்போது. இல்லாவிட்டால் தொகுப்பே போதும்.

கிட்ஹப்பில் 'என்எஃப்சி-டூல்ஸ்' என்ற பெயரின் கீழ் மூலநிரல் இருக்கிறது. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், லிப்யூஎஸ்பி-டெவ் ஆகியவற்றை முதலில் நிறுவுங்கள். லிப்யூஎஸ்பியில் கவனம் வேண்டும்: 1.8.0 பதிப்பு பழைய 0.1 இடைமுகத்தைத்தான் கேட்கிறது, 1.0 மட்டும் இருந்தால் கான்ஃபிகர் கட்டத்திலேயே நின்றுவிடும். அப்புறம் 'ஆட்டோரீகான்ஃப் -விஐஎஸ்', கான்ஃபிகர், 'மேக்', 'சூடோ மேக் இன்ஸ்டால்' என்ற வழக்கமான வரிசை.

கான்ஃபிகருக்கு '--ப்ரிஃபிக்ஸ்' என்பதற்கு யூஎஸ்ஆர் ஃபோல்டரையும், '--சிஸ்கான்ஃப்டிர்' என்பதற்கு ஈடிசி ஃபோல்டரையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எல்லாம் யூஎஸ்ஆருக்குள் 'லோக்கல்' ஃபோல்டருக்குப் போய்விடும். அதனால் இரண்டு குழப்பங்கள் வரும். 'லிப்என்எஃப்சி.எஸ்ஓ.6 கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற பிழை முதலாவது. 'சூடோ எல்டிகான்ஃபிக்' ஓட்டினால் தீரும். இரண்டாவது இன்னும் மோசம்: நீங்கள் ஈடிசியில் உள்ள அமைப்புக் கோப்பை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், லைப்ரரி 'லோக்கல்' ஃபோல்டருக்குள் இருக்கும் வேறொரு கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தியே வராது. மேலே சொன்ன 3ஆம் நிலைப் பதிவு ஒன்றுதான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

தொகுப்பு வழியாக ஒன்று, மூலநிரலிலிருந்து ஒன்று என இரண்டையும் ஒரே கணினியில் வைக்காதீர்கள். தொகுப்பை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அமைப்புக் கோப்பில் என்ன எழுத வேண்டும்?

யூஎஸ்பி ரீடர் என்றால் எதுவும் எழுத வேண்டாம், தானே தேடிக்கொள்ளும். சீரியல், எஸ்பிஐ, ஐ2சி மாட்யூல்களுக்குத்தான் ஈடிசியில் என்எஃப்சி ஃபோல்டருக்குள் 'லிப்என்எஃப்சி.கான்ஃப்' தேவை.

அதில் 'டிவைஸ்.நேம்' என்ற வரியில் ஏதாவது ஒரு பெயரும், 'டிவைஸ்.கான்ஸ்ட்ரிங்' (நடுவில் 'கனெக்ட்' இல்லை, 'கான்' என்ற நான்கு எழுத்து: சி, ஓ, என், என்) என்ற வரியில் கருவியின் முகவரியும் எழுத வேண்டும். முகவரியில் டிரைவரின் பெயர் முதலில், பிறகு முக்காற்புள்ளி, பிறகு 'டெவ்' ஃபோல்டரில் அந்தக் கருவியின் பாதை. யூஎஸ்பி-சீரியல் மாற்றி என்றால் டிரைவர் 'பிஎன்532_யூஆர்ட்', பாதையில் 'டிடிஒய்யூஎஸ்பி0'. இதில் 'யூஎஸ்பி' என்ற மூன்று எழுத்து மட்டும் பெரியவை.

'அலோ_இன்ட்ரூசிவ்_ஸ்கேன்' என்று ஒரு வரியும் உண்டு. அதை 'ட்ரூ' ஆக்கினால் கணினியில் உள்ள சீரியல் போர்ட் ஒவ்வொன்றையும் திறந்து, அங்கே பிஎன்532 இருக்கிறதா என்று விசாரிக்கும். பல வழிகாட்டிகள் சர்வசாதாரணமாக இதை இயக்கச் சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் போர்ட்டில் ஜிபிஎஸ்ஸோ, மோடமோ, ஓடிக்கொண்டிருக்கும் அர்டுயினோவோ இருந்தால் அதற்குப் புரியாத பைட்டுகள் போய்ச் சேரும். பல அர்டுயினோ பலகைகள் போர்ட்டைத் திறந்தாலே ரீசெட் ஆகிவிடும். முகவரியை நீங்களே எழுதிவிடுங்கள், தேடலை 'ஃபால்ஸ்' என்றே விடுங்கள்.

ராஸ்பெர்ரி பையில் பிஎன்532 மாட்யூலை எப்படி இணைப்பது?

மூன்று வழி உண்டு: சீரியல், ஐ2சி, எஸ்பிஐ. எந்த வழி என்பதைப் பலகையில் உள்ள சிறு சுவிட்சுகளோ ஜம்பர்களோ தீர்மானிக்கும். பரவலாகக் கிடைக்கும் சிவப்பு நிற வி3 பலகையில் இரண்டு சுவிட்சும் அணைந்திருந்தால் சீரியல். முதலாவது மட்டும் இயங்கினால் ஐ2சி. இரண்டாவது மட்டும் இயங்கினால் எஸ்பிஐ. பலகையிலேயே அட்டவணை அச்சிட்டிருக்கும். சுவிட்சை மாற்றிய பிறகு மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுங்கள். சிப் இதைத் தொடங்கும்போதுதான் பார்க்கிறது. பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐ2சிக்கு நான்கே கம்பி என்பதால் பலர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ராஸ்பி-கான்ஃபிக்கில் ஐ2சியை இயக்கி, 'ஐ2சிடிடெக்ட் -ஒய் 1' ஓட்டினால் 24 என்ற எண் தெரிய வேண்டும். டிரைவர் 'பிஎன்532_ஐ2சி', பாதை 'டெவ்' ஃபோல்டரில் 'ஐ2சி-1'. ஆனால் ஒன்று: பிஎன்532 பதில் தயாராகும்வரை கடிகாரக் கம்பியைப் பிடித்து நிறுத்தி வைக்கும் பழக்கம் உடையது. பழைய பை மாடல்களின் ஐ2சி வன்பொருளில் இதைக் கையாளுவதில் அறியப்பட்ட பிழை இருக்கிறது. அதனால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. அப்படிப்பட்ட கோளாறைத் துரத்துவதைப் போலக் களைப்பூட்டும் வேலை இல்லை. எஸ்பிஐக்கு மாறிவிடுங்கள்.

எஸ்பிஐக்குக் கம்பி கூடுதல், ஆனால் உறுதியாக ஓடும். டிரைவர் 'பிஎன்532_எஸ்பிஐ', பாதை 'எஸ்பிஐடெவ்0.0', அதற்குப் பின் இன்னொரு முக்காற்புள்ளி போட்டு வேகம் 500000. நீளக் கம்பி வேண்டாம்.

சீரியல் வழியில் இரண்டு பொறிகள். பை தன் சீரியல் போர்ட்டை உள்நுழைவுத் திரைக்காக ஒதுக்கி வைத்திருக்கலாம். ராஸ்பி-கான்ஃபிக்கில் உள்நுழைவு வேண்டாம், வன்பொருள் மட்டும் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பை 3இலும் 4இலும் நல்ல சீரியல் வன்பொருளை ப்ளூடூத் எடுத்துக்கொள்கிறது, நமக்கு மிஞ்சுவது 'டிடிஒய்எஸ்0' என்ற சிறிய சீரியல். அதில் எஸ் பெரிய எழுத்து. அப்புறம், அனுப்பும் கம்பி பெறும் பின்னுக்கும் பெறும் கம்பி அனுப்பும் பின்னுக்கும் போக வேண்டும். வி3 பலகையில் சீரியலுக்கும் ஐ2சிக்கும் ஒரே நான்கு பின்கள்தான்: எஸ்டிஏ என்று எழுதியிருப்பது அனுப்பும் பின், எஸ்சிஎல் என்பது பெறும் பின்.

விண்டோஸில் முடியுமா?

முடியும், ஆனால் எனக்கு அதில் ஆசை இல்லை. சிமேக்கும் மிங்-டபிள்யூவும் கொண்டு தொகுத்து, ரீடருக்கு லிப்யூஎஸ்பி டிரைவரை மாற்றிப் போட வேண்டும். அதைப் போட்டால் அந்த ரீடரை மற்ற ஸ்மார்ட்கார்டு மென்பொருள்கள் காண முடியாமல் போகும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் பழைய பையோ மடிக்கணினியோ ஒன்றில் லினக்ஸ் போட்டு இதற்கென்று ஒதுக்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

என் ஆண்ட்ராய்டு கைபேசியின் என்எஃப்சியை இதில் பயன்படுத்தலாமா?

இயலாது. ஆண்ட்ராய்டுக்கென்று தனி என்எஃப்சி அடுக்கு இருக்கிறது. செயலிகள் அதன் வழியாகவே போக வேண்டும். கைபேசிக்குள் 'லிப்என்எஃப்சி-என்சிஐ' என்று தொடங்கும் கோப்புகளைப் பார்த்துச் சிலர் இதுதான் அது என்று நினைத்துவிடுகிறார்கள். பெயர் ஒற்றுமை மட்டுமே. அவை வேறு மென்பொருளின் கோப்புகள்.

கார்டை வைத்ததும் வரும் எண்களுக்கு என்ன பொருள்?

என்எஃப்சி-லிஸ்ட் காட்டும் விவரங்களில் யூஐடி என்பது கார்டின் அடையாள எண்: 4, 7 அல்லது 10 பைட். எஸ்ஏகே என்பது கார்டின் குணத்தைச் சொல்லும் ஒற்றை பைட். 08 என்றால் அநேகமாக மைஃபேர் கிளாசிக் 1கே, 18 என்றால் 4கே, 00 என்றால் அல்ட்ராலைட் அல்லது என்டேக் வகை, 20 என்றால் டெஸ்ஃபயர், வங்கிக் கார்டு போன்ற உயர் நெறிமுறை பேசும் கார்டு.

கைபேசியை ரீடரில் வைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு யூஐடி வரும். 08 என்று தொடங்கும் 4 பைட் எண். இது பழுது இல்லை. ஒருவரின் நடமாட்டத்தைப் பின்தொடர முடியாதபடி வேண்டுமென்றே தற்செயல் எண் தருகிறார்கள். யூஐடியை மட்டும் நம்பி வருகைப் பதிவேடு செய்ய நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தவிர, யூஐடி இரகசியமும் இல்லை, நகலெடுக்க முடியாததும் இல்லை. கதவைத் திறக்க அதை மட்டும் நம்புவது தப்பு.

மைஃபேர் கிளாசிக் கார்டின் உள்ளே இருப்பதைப் படிக்க முடியவில்லையே?

அதற்குச் சாவி வேண்டும். 1கே கார்டில் 16 பகுதிகள், பகுதிக்கு 4 பிளாக், பிளாக்குக்கு 16 பைட், ஆக மொத்தம் 1024. ஒவ்வொரு பகுதிக்கும் ஏ, பி என்று இரண்டு சாவிகள், ஒவ்வொன்றும் 48 பிட். புதிய வெற்றுக் கார்டில் சாவி பன்னிரண்டு எஃப். அது 'என்எஃப்சி-எம்எஃப்கிளாசிக்' கருவிக்கும் தெரியும் என்பதால் கடையில் வாங்கிய வெற்றுக் கார்டை உடனே படித்துவிடலாம். பயன்பாட்டில் உள்ள கார்டில் சாவியை மாற்றியிருப்பார்கள்.

அந்தக் கார்டின் கிரிப்டோ1 என்ற பூட்டு முறை உடைந்துபோய் நெடுநாள் ஆகிறது. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் கார்ஸ்டன் நோலும் ஹென்ரிக் பிளோட்சும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழுமையான தாக்குதலை எழுதியபோது, வெளியிட விடாமல் தடுக்க என்எக்ஸ்பி நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. ரோயல் வெர்டுல்ட்டும் அந்தப் பல்கலைக்கழகக் குழுவில் ஒருவர். சாவியை மீட்கும் எம்எஃப்ஓசி, எம்எஃப்சியூகே கருவிகள் லிப்என்எஃப்சியின் மேல்தான் நிற்கின்றன.

இதை ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக ஒரு நுழைவு அமைப்பையோ கேன்டீன் கார்டையோ வடிவமைப்பவர்கள் இன்றும் விலை குறைவு என்று மைஃபேர் கிளாசிக்கையே வாங்குகிறார்கள். வாங்காதீர்கள். ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் வகைக்குப் போங்கள்; 'லிப்ஃப்ரீஃபேர்' என்ற துணை லைப்ரரி அதைக் கையாளும். மீட்புக் கருவிகளை உங்களுக்குச் சொந்தமான கார்டிலும், உரிமையாளர் எழுத்தில் அனுமதித்த அமைப்பிலும் மட்டும் பயன்படுத்துங்கள். பயணக் கார்டில் பணத்தை ஏற்றிப் பார்ப்பது திருட்டு.

நிரல் எழுத எங்கே தொடங்குவது?

'எக்ஸாம்பிள்ஸ்' ஃபோல்டரில் உள்ள சிறு நிரல்களைப் படியுங்கள். வரிசை எப்போதும் ஒன்றுதான்: 'என்எஃப்சி_இனிட்', 'என்எஃப்சி_ஓப்பன்', 'என்எஃப்சி_இனிஷியேட்டர்_இனிட்', பிறகு கார்டைத் தேர்ந்தெடுக்கும் அழைப்பு, தரவுப் பரிமாற்றம், முடிவில் 'என்எஃப்சி_குளோஸ்', 'என்எஃப்சி_எக்ஸிட்'. தொகுக்கும்போது '-எல்என்எஃப்சி' சேர்க்க வேண்டும். பழைய பாடங்களில் 'என்எஃப்சி_கனெக்ட்' என்று பார்த்தால் அது 1.4 காலத்து நிரல், இப்போது தொகுபடாது.

மூடும் அழைப்பைத் தவறாமல் எழுதுங்கள். கன்ட்ரோல்-சி அழுத்தி நிரல் பாதியில் நின்றால் ரீடர் குழம்பிய நிலையில் நின்றுவிடலாம். அடுத்த முறை திறக்காது, கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். மேசையில் இது சிறு தொந்தரவு. எங்கோ ஒரு வாசலில் மாட்டிய கருவியில் இதற்காக ஆள் போக வேண்டும்.

பைத்தானில் மட்டும் எழுத விரும்பினால் 'என்எஃப்சிபை' நல்ல தேர்வு. அது லிப்என்எஃப்சியைச் சாராமல் ரீடரோடு நேரடியாகப் பேசும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் மறுபடியும் பிடிவாதச் சண்டைதான்.

எல்லாம் செய்தும் வரவில்லை. உதவி கேட்கும்போது என்னென்ன தர வேண்டும்?

எல்எஸ்யூஎஸ்பி வரி, எல்எஸ்மாட்டில் பிஎன்533 இருக்கிறதா இல்லையா என்பது, லினக்ஸ் பதிப்பு, லைப்ரரி பதிப்பு, தொகுப்பா மூலநிரலா, 3ஆம் நிலைப் பதிவு முழுவதும். மாட்யூல் என்றால் சுவிட்ச் நிலையும் கம்பிகளும் தெரியும்படி ஒரு படம். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் சொல்ல விரும்புகிறவருக்கும் வழியில்லை.

அனுப்பும் முன் பதிவைப் படித்துப் பாருங்கள். வங்கிக் கார்டைத் தொடாமலே படிக்கும்போது பல கார்டுகள் கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் மறைக்காமல் தந்துவிடும். நீங்கள் எழுதிய நிரலின் பரிமாற்றப் பதிவில் அவை இருக்கக்கூடும். யூஐடியையும் கார்டு சாவிகளையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். சோதனைக்கு வங்கிக் கார்டுக்குப் பதில் ஒரு வெற்று என்டேக்213 ஸ்டிக்கரைப் பயன்படுத்தினால் இந்தக் கவலையே வேண்டாம். அதில் 144 பைட் இடம் இருக்கிறது, ரீடர் வேலை செய்கிறதா என்று பார்க்க அதுவே தாராளம்.